நகக்கண்ணில் கறுப்பு

யானைக்குத் தண்ணீர் காட்டப் போனவன்தான் காலையில் முதலில் பார்த்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பொருட்காட்சித் திடலில், வேடிக்கைக் கூடாரத்தின் மேடைக்குப் பின்னால், மேனேஜர் பார்லோ மல்லாந்து கிடந்தார். நெற்றிப்பொட்டில் ஒரே அடி. பக்கத்தில் கூடார முளை அடிக்கிற சம்மட்டி.

சம்மட்டி ஐசக்குடையது. லகோட்டா என்கிற செவ்விந்தியப் பழங்குடி இனத்தவன், கூடாரம் கட்டும் வேலை.

ஷெரிஃப் லிண்ட்குவிஸ்ட் பிணத்தின் கையைத் தூக்கினார். நகக்கண்களில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"பச்சை குத்துற மைதான்," என்றான் அவருடைய உதவியாள். "லொரீனாம்மாவை மரத்துல கட்டி வெச்சுக் குத்தினதே இந்த ஐசக்கோட ஆளுங்கதானே? நேத்து ஷோவுல நானே கேட்டேனே."

எல்லோரும் லொரீனாவைப் பார்த்தார்கள். உடம்புப் பச்சையைக் காட்டிப் பிழைக்கிற அவள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை கழுகும் கப்பலும் ரோஜாவுமாக நின்றிருந்தாள். மேடையில் அந்த மரத்தில் கட்டிய கதையைச் சொல்கிறவர் புரொபசர் வீம்ஸ். மீசையை முறுக்கிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, அவள் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். உண்மையில் குத்தியது ஒமாகா நகரத்தில் பச்சை குத்தும் கடை வைத்திருந்த அவள் புருஷன். கேட்டுக் குத்திக்கொண்டவள் அவள்.

வீம்ஸ் பல்வலி என்று கைக்குட்டையை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் போனால் கிராம்பு வாசனை. கைக்குட்டைக்கு அடியில் கைவிட்டு வேர்க்கடலையை மென்றுகொண்டிருந்தார்.

"பார்லோவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று அவரிடம் கேட்டார் ஷெரிஃப்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி. அந்த ஐசக் அவரை முறைச்சுக்கிட்டு நின்னான்."

"லொரீனாம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஐசக்கோ அவன் ஆட்களோ பச்சை ஊசியைத் தொட்டதே இல்லை. அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்ன நிமிடமே அவள் பிழைப்புக் கதையும் கிழிந்துபோகும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

ஐசக்கை விலங்கிட்டுக் கூட்டிப்போனார்கள். வாசலுக்குப் போவதற்குள் ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. முதல் கல் தோளில் விழுந்தது, அடுத்தது வாயில். அவன் குனிந்து ரத்தத்தோடு பல்லைத் துப்பினான். கூட்டத்தில் ஒரு பெண் லொரீனாவின் கையைப் பிடித்து, "உன்னைப் பாடாப்படுத்தினானுங்களே, அதுக்குத்தாண்டி கண்ணு," என்றாள், பாசமாக.

அந்தக் கையை உதறிக்கொண்டு லொரீனா ஷெரிஃபிடம் ஓடினாள்.

"பிணத்தோட கையை நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"மையைப் பத்தி இங்க என்னைவிட யாருக்குத் தெரியும்?"

நகக்கண்ணிலிருந்து கொஞ்சம் வழித்து, விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்தாள்.

"ஷெரிஃப், பச்சை குத்துற மை தண்ணியாட்டம் இருக்கும். காஞ்சா வெறும் கரிப்பொடி. தோலுக்குள்ள போயிட்டா எவ்வளவு பிராண்டினாலும் வராது." தன் முழங்கையை அவரெதிரில் நகத்தால் பரபரவென்று கீறிக் காட்டினாள். "இது பிசுபிசுங்குது. மீசைக்குப் போடற கறுப்பு மெழுகு. கிராம்பு வாசனை வேற."

"கிராம்பா? பல்வலிக்காரர் மேலயும் அந்த வாசனைதான் அடிச்சுது."

"பல்வலிக்காரர் வேர்க்கடலையைக் கடிச்சுத் தின்னுவாரா? அவர் மறைக்கிறது பல்லை இல்ல. கைக்குட்டையை அவுக்கச் சொல்லுங்க."

வீம்ஸ் அவிழ்க்க மாட்டேன் என்றார். உதவியாள் அவிழ்த்தான். மீசையில் வலது பாதி மைக்கறுப்பாக முறுக்கி நின்றது. இடது பாதி பிய்ந்து, நரைத்த குச்சங்களும் ரத்தப் பொருக்குமாக இருந்தது. மிச்சத்தை மழித்திருந்தால்கூடக் காயத்தை மறைத்திருக்க முடியாது.

வீம்ஸ் லொரீனாவிடம்தான் பேசினார்.

"அந்த ஐசக் பார்லோகிட்டப் போய் அழுதானாம். கதையைக் கேட்டுட்டு ஊருக்கு ஊரு அவனை அடிக்க வராங்களாம். உடனே பார்லோ என் கதையை நிறுத்துங்கறான். அந்தக் கதைதாண்டி உன்னை லொரீனா ஆக்கிச்சு. இல்லேன்னா நீ யாரு? கிறுக்கல் விழுந்த ஒரு பண்ணைக்காரி. சட்டையைப் பிடிச்சேன், அவன் என் மீசையைப் பிடிச்சான். சம்மட்டி கைக்கிட்ட கிடந்துச்சு."

பார்லோவிடம் போகும்முன் ஐசக் லொரீனாவிடம்தான் வந்திருந்தான். ‘இது வெறும் பொழப்புப்பா, மனசுல வெச்சுக்காதே’ என்று சிரித்து அனுப்பியிருந்தாள்.

வீம்ஸைக் கொண்டுபோனபின் ஷெரிஃப் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"இந்த வேர்க்கடலை விஷயம் காலையிலயே உங்க கண்ணுல பட்டிருக்குமே?"

"பட்டுச்சு."

"அப்புறம் ஏன் அப்பவே சொல்லல?"

ஐசக்கை விட்டுவிட்டார்கள். அவன் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது லொரீனா போய் நின்றாள். அவன் வாய் வீங்கியிருந்தது.

"ஐசக், நான் பண்ணது..."

"தெரியும்," என்றான் நிமிராமல்.

"இருந்துடு. இனிமே அந்தக் கதை இருக்காது."

"கேட்டவங்க ஊருக்கு ஊரு இருக்காங்களே. அவங்களை என்ன பண்ணுவே?"

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தான்.

அன்றைய ஷோவுக்குக் கூடாரம் நிரம்பி வழிந்தது. கொலை நடந்த இடத்தைப் பார்க்க வந்த கூட்டம். லொரீனா தனியாக மேடையேறினாள்.

"இதெல்லாம் என் புருஷன் குத்தினது. நான்தான் குத்தச் சொன்னேன். என்னை யாரும் பிடிச்சுட்டுப் போகல. கட்டி வெக்கல."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஐசக் ஆளுங்க எவ்வளவு குடுத்தானுங்க, இப்படிச் சொல்லச் சொல்லி?"

கூட்டம் சிரித்தது. காலையில் அவள் கையைப் பிடித்த பெண் முன்வரிசையில் நின்றிருந்தாள்.

"பயப்படாதே கண்ணு," என்றாள் அவள். "நிஜம் என்னன்னு எங்களுக்குத் தெரியும்."