மூடிய கிணற்றின் மூச்சு

செந்தாமரைக்கு அன்றைக்குத்தான் வேலையில் முதல் நாள். சேரப்பணஞ்சேரியிலிருந்து புருஷன் ரகுவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஒரகடம் வந்து இறங்கினாள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி அடைமழை. பொழுது விடிந்தும் விடியாத மாதிரி வானம் மூடிக் கிடந்தது. வயலுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட, இரும்புத் தகடு அடிக்கும் அந்தப் பிரஸ் ஷாப்பைப் பார்த்ததும், "இதுக்கா இம்மாம் பீத்திக்கினே?" என்று புருஷனைச் சீண்டினாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. புது மிஷினுக்கு அவன்தானே ஆபரேட்டர்!

உள்ளே கால் வைத்ததும் ஒரு வாடை. கிரீஸ், டீசல் எல்லாவற்றுக்கும் அடியில் பாசி வாடை. ரொம்ப நாளாய் இறைக்காத தண்ணீரின் வாடை.

"இங்க கிணறு கீதா?"

"இருந்துச்சு. மணலைக் கொட்டி மூடித்தான் ஷெட்டு போட்டாங்க. அதோ, புது மிஷினாண்ட."

செந்தாமரை சுற்றுமுற்றும் பார்த்தாள். "குழாய் எங்க?"

அந்தப் பக்கத்தில் கிணற்றை மூடுகிறவன் எவனானாலும் ஒரு குழாயை நட்டுவிட்டுத்தான் மூடுவான். கிணறு மூச்சு விடவேண்டும். இங்கேயும் நட்டுத்தான் இருந்தார்கள். மிஷினுக்கு இடைஞ்சல் என்று சூப்பர்வைசர் தாண்டவராயன் அதைத் தரையோடு அறுக்கச் சொன்னார். வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துப் பூசியது சாட்சாத் ரகுவேதான்; அவள் கேட்டதும் அவனே ஒப்புக்கொண்டான்.

"அடப்பாவி! உனுக்குப் புத்தி கித்தி கீதா? எவனாச்சும் கிணத்து மூச்சை அடைப்பானா?"

"மெதுவா பேசுடி. வேலை பூடும்."

மிஷின் ஓட ஆரம்பித்தது. தடால், தடால் என்று ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்தது. பூசின இடம் மட்டும் வட்டமாய் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடி கசிந்தது. கூட வேலை செய்த பெண்கள் மழைத் தண்ணி என்றார்கள். செந்தாமரையும் வாயை மூடிக்கொண்டு டப்பாவில் சாமான் அடுக்கினாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தினார்கள்.

நின்ற பிறகும் தரைக்குக் கீழே ஓர் அடி விழுந்தது.

அப்புறம் இன்னொன்று.

சாப்பாட்டுத் தூக்குகள் கடகடவென்று ஆடின. கூரைத் தகரம் அலறியது. "பூகம்பம்டோய்!" என்று யாரோ கத்த, எல்லோரும் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். கொஞ்ச நேரம்தான். அடங்கிவிட்டது. ஆளுக்கு ஆள் மற்றவன் ஓடின லட்சணத்தைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"ரகு எங்க?" என்றாள் செந்தாமரை.

சிரித்தவர்கள் அவளோடு உள்ளே ஓடினார்கள்.

உள்ளே தரை பாளம் பாளமாய் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து சாம்பல் நிற மணல் தண்ணீரோடு உலை மாதிரி கொதித்துக்கொண்டு வந்தது. கூழாய் இளகி ரகுவை இடுப்புவரை உள்ளே இழுத்த மணல், அதற்குள் இறுகியும் போயிருந்தது. பக்கத்தில் புது மிஷின் மெல்ல மெல்ல அவன் மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அவன் இன்னும் ஒரு சாண் கீழே போனான்.

"தாமரை..." ரகுவுக்குக் குரலே எழும்பவில்லை. "கீழ மண்ணு இல்ல. வாய் மாதிரி கீது. சப்புது."

 அவள் ஓடிப்போய்க் கடப்பாரையைத் தூக்கி, அந்த ஈர வட்டத்தின் மேல் ஓங்கிப் போட்டாள்.

"ஏய்! உடைக்காத, ஷெட்டே உள்ள பூடும்!" என்று வாசலில் நின்று கத்தினார் தாண்டவராயன்.

"போய்யா அந்தாண்ட! உன் மிஷினுக்கு என் புருஷன் பலியா?"

சிமென்ட் பிளந்தது. அடைபட்ட காற்று பீறிட்டு வெளியே வரும் என்றுதான் அவள் நினைத்தாள்.

வரவில்லை.

குழாய் காற்றை உள்ளே இழுத்தது.

அவள் முந்தானை குழாய் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. நீளமாய், ஆசையாய், நிறுத்தாமல் இழுத்தது. ரகுவின் வாய் தானாகத் திறந்தது. உள்ளே இருந்த மூச்சையெல்லாம் யாரோ உறிஞ்சின மாதிரி கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின.

சட்டென்று மணல் விட்டுக்கொடுத்தது. ஆளை வாரி இழுத்து வெளியே போட்டார்கள். அவன் நின்ற இடத்தில் மிஷின் குப்புற விழுந்தது.

மறுநாள் வந்து பார்த்த எஞ்சினியர், "தண்ணி ஊறின மணல் அதிர்ந்தா இப்படித்தான் குழைஞ்சிடும், அதிர்ச்சி நின்னா இறுகும். பேயும் இல்லை பிசாசும் இல்லை" என்றார். செந்தாமரைக்கும் அதை நம்பத்தான் ஆசை. தாலி தப்பித்ததே, அது போதும் என்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம். ரகு சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்து கண்ணை மூடினான். செந்தாமரையும் பக்கத்தில் படுத்து, ஆசையாய் அவன் நெஞ்சில் கையை வைத்தாள்.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா பாக்குற?" என்றான் ரகு, கண்ணைத் திறக்காமலே.

அவர்கள் வீடு கட்டியிருந்தது பாறைமேட்டில். அங்கே மணலும் கிடையாது, கிணறும் கிடையாது. ஆனாலும் அவள் முதுகுக்கு அடியில் தரை மெல்ல மேலே ஏறியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.