அஞ்சுகத்தின் சுயாட்சி நாள்

நினைவெடுப்பானைத் தலையிலிருந்து கழற்றியதும் அஞ்சுகம் முதலில் தண்ணீர் கேட்டாள். எதிரே திரையில், அவள் மூளையிலிருந்து எடுத்த காட்சியில், சந்திரபுரியின் கொடி ஏறிக்கொண்டிருந்தது. பூமியின் பிடியிலிருந்து நிலவுக் குடியிருப்பு விடுபட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று கொடிமரத்தருகே நின்றவர்களில் இப்போது உயிரோடிருப்பவள், காற்றுக்குழாய் துடைக்கும் வேலை பார்த்த அவள் ஒருத்திதான்.

காப்பக இயக்குநர் இளவழுதி பூரித்துப்போனார். "அற்புதம்மா! வர்ற சுயாட்சி நாள்ல ஊரே இதைத் தலையில மாட்டிப் பார்க்கப் போகுது. ஒரே ஒரு இடத்தை மட்டும் வெட்டிடுறோம்."

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. கொடி பாதி ஏறியிருந்தபோது கணவன் தனபால் கூட்டத்துக்கு நடுவே அவளை அறைந்தான். சோறு கட்டித் தராமல் விழா பார்க்க வந்துவிட்டாளாம். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய அடிதான். அன்றைக்கு அவள் திருப்பி அறைந்தாள். அப்புறம் அவள் அவன் வீட்டுக்குப் போகவே இல்லை.

"அதை வெட்டக் கூடாது."

"இது நாட்டோட வரலாறும்மா. உங்க வீட்டுச் சண்டை இதுல எதுக்கு?"

"நாட்டுக்கு விடுதலை கிடைச்ச அதே நிமிஷம்தான் எனக்கும் கிடைச்சுது சார். வெச்சா முழுசா வைங்க. இல்லேன்னா மொத்தமா அழிச்சிடுங்க."

இளவழுதி அவளுக்குத் தெரியாமல் வெட்டிப் பார்த்தார். அந்த அடி போனதும் கொடி மங்கியது; தலைவர்களின் முகங்கள் கலங்கிப்போயின. அவள் கோபம்தான் அந்தக் காலையின் ஒவ்வொரு நிறத்தையும் பிடித்துவைத்திருந்தது. வேறு வழியில்லாமல் முழுதாகவே விட்டார்.

சுயாட்சி நாளன்று குமிழரங்கத்தில் அத்தனை பேரும் நினைவுக்கவசம் மாட்டினார்கள். கொடி ஏறியது, கன்னம் எரிந்தது, கை தானாக உயர்ந்தது. கழற்றியபோது சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆளுநர் மேடையேறினார். பாதுகாப்புக் காரணங்களால் தேர்தல் இந்த ஆண்டும் தள்ளிவைக்கப்படுவதாக அறிவித்தார். வழக்கமாகக் கைதட்டல் எழும் இடம் அது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எதுக்குத் தள்ளணும்?"

அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். முழங்கால் வலியோடு அஞ்சுகமும் எழுந்தாள்.

"உட்காருங்க!" ஆளுநர் கத்தினார். பிறகு காவலர்கள் பக்கம் திரும்பினார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாரையும் வெளிய தள்ளுங்க!"

காவலர்கள் அசையவில்லை. கவசங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று காலையிலேயே காப்பகத்தார் அவர்கள் தலையில்தான் மாட்டிப் பார்த்திருந்தார்கள்.