சொட்டு நீலம்

அந்தப் பழைய தேவாலயத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. வாசலருகே சுவரில் பதித்த பளிங்குத் தீர்த்தத் தொட்டி, உள்ளே வருகிறவர்கள் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதற்கு. கிளிஞ்சல் வடிவம், அதைத் தாங்க இரண்டு சின்னக் கைகள். கைகளுக்குரிய உடம்பைச் சிற்பி செதுக்கவே இல்லை. ஊற்றுகிற தண்ணீர் சில நாள் விடிவதற்குள் வற்றிவிடுகிறதாம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கல் வேலை, எனக்குப் பூச்சு வேலை. இதய ஆபரேஷன் முடிந்து தழும்பின் சிவப்புகூட மாறவில்லை, சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கூடவே கிளம்பிவிட்டார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவரை ஓர் உளியைக்கூடத் தொட விடவில்லை நான்.

தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். விரிசல் ஒலி எங்கும் இல்லை. மயிரிழை விரிசலைப் பிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்துவிட்டால், ஒழுகிய இடத்தை மறுநாள் அதுவே காட்டிக்கொடுக்கும். கையுறை மாட்டிக்கொண்டு கலந்தேன்.

ஆலயத்தைத் திறந்து பூட்டுகிற சாவிக்காரர் அதைப் பார்த்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

"அம்மா, இது ஒழுகல. வத்துற அன்னிக்கு யாராவது ஒருத்தர் நெத்தி ஈரமா எந்திரிப்பாங்க. வேர்வைன்னு நெனச்சுக்குவாங்க. என் தம்பியும் அப்படித்தான் நெனச்சான்."

"தம்பி இப்ப எங்க?"

"பின்னாடி, கல்லறையில."

எரிச்சலாக வந்தது. இதை என் வீட்டுக்காரர் காதில் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆலயத்தை ஒட்டிய விருந்தினர் அறையில் படுத்தோம். முகம் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லாத அறை.

விடிந்தும் விடியாமலும் தொட்டியைப் பார்க்கப் போனேன். காய்ந்து கிடந்தது. சுவரில் நீலம் இல்லை.

தரையில் இருந்தது.

சொட்டுச் சொட்டாக வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டிப் போயிருந்தது. அரை இருட்டில் அதை மிதித்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன்.

எங்கள் அறைக்குள் போய் முடிந்திருந்தது.

அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். முடியை ஒதுக்கினேன். நெற்றி காய்ந்து, சுத்தமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

அவர் கண் விழித்தார்.

"என்ன இது, உன் நெத்தியில நீலமா ஒரு சிலுவை?"

என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருடைய கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"நான்தான். பழக்கதோஷத்துல தொட்டியில விரலை விட்டுக் கும்பிட்டுட்டேன்."

"நீலம் கலந்தவளே மறந்துட்டியா? நல்ல வேலைக்காரிதான் போ."

கை நெஞ்சைவிட்டு இறங்கியது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

துண்டால் நெற்றியை அழுந்தத் துடைத்துவிட்டு, அவருடைய காலை மாத்திரையை எடுக்கத் திரும்பினேன்.

சில்லென்று ஒரு சின்ன விரல் என் நெற்றியில் மேலிருந்து கீழாக மறுபடியும் கோடு இழுத்தது.