கூழாங்கல்லுக்குக் காரணம்

ஆற்றங்கரையில் நின்ற பெண்ணைச் செவ்வேள் ஏற இறங்கப் பார்த்தான். காதோரம் மாட்டியிருந்த மெய்காட்டியைத் தட்டினான். எதிரே நிற்பது ஆளா, பொறிமாந்தரா என்று அது சொல்லிவிடும். அது இல்லாமல் இப்போதெல்லாம் யாரும் பால்காரரிடம்கூடப் பேசுவதில்லை.

“உறுதியாகத் தெரியவில்லை. நீங்களே முடிவு சொல்லுங்கள்” என்றது மெய்காட்டி. திணறும்போதெல்லாம் மனிதரின் தீர்ப்பைக் கேட்டுக் கற்றுக்கொள்வது அதன் வழக்கம்.

காடு, ஆறு, பழைய மலையூர் எல்லாமே அசல் என்று விளம்பரம் செய்திருந்தது நெடுவனப் பூங்கா. செவ்வேளோ கோயில் சுண்டலையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். வந்ததிலிருந்து மரப்பட்டையைச் சுரண்டினான், ஆற்றுநீரை நக்கினான். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வழிகாட்ட வந்த அந்தப் பெண் வெள்ளச்சி, ஆற்றைக் கடந்ததும் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கரையில் வைத்தாள்.

“எதுக்கு இது?”

“தெரியலைங்க. எப்பவும் வைப்போம்.”

“காரணமே இல்லாமலா?”

சிரித்தவள், அவன் விரல் காதுக்குப் போவதைக் கண்டு வெளிறினாள். “போலின்னு சொல்லிராதீங்க. இன்னும் ஒருத்தர் சொன்னாலும் பூங்காக்காரங்க ஊரைக் காலி பண்ணிருவாங்க. எங்களுக்குப் போக்கிடம் இல்லைங்க.”

“பாவம்ங்க, அழறா” என்றாள் அவன் மனைவி மாதங்கி.

“அழவும் சொல்லிக் கொடுத்திருப்பான். செய்யறதுக்குக் காரணம் தெரியலை பாரு, பொறிதான்.” மெய்காட்டியிடம் “போலி” என்றான். அவன் சொன்ன காரணத்தையும் அது கற்றுக்கொண்டு மற்ற மெய்காட்டிகளுக்கும் அனுப்பியது.

அடுத்த ஆண்டு, மலையூர்க்காரர்களை வெளியேற்றிவிட்டுப் பூங்கா புதுப்பொலிவோடு திறந்தது. அதே ஆறு, வேறொரு பெண், அதே கூழாங்கல். எதற்கென்று கேட்டதும், வெள்ளத்தோடு போன அக்கா தங்கைகளின் கதையைக் கண்கலங்கச் சொன்னாள் அவள். ஆலையிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாதவள். மாதங்கி வாய்விட்டு அழுதாள்.

“இதுதாண்டி அசல்” என்று மூக்கை உறிஞ்சினான் செவ்வேள்.

நகரத்துக்குள் பொறிமாந்தர் புகுந்துவிடாதபடி, இப்போது வெளிவாசலிலும் பெரிய மெய்காட்டி ஒன்று இருந்தது. மாதங்கி முதலில் போய்விட்டாள். செவ்வேளின் காலில் யாரோ போட்டிருந்த வரைபடத் தாள் மிதிபட்டது. சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“ஏன் ஒற்றினீர்கள்?” என்றது வாசல்.

“கால் பட்டுருச்சு.”

“தாளுக்கு வலிக்குமா?”

“வலிக்காது.”

“பிறகு எதற்கு?”

“ஏதாவது ஒரு கதையைச் சொல்லுங்க!” என்று மாதங்கி வெளியிலிருந்து கத்தினாள். செவ்வேள் காலடியில் கிடந்த தாளைப் பார்த்தான்.

“தெரியலை. எப்பவும் செய்வோம்.”

“போலி” என்றது வாசல். கதவு மூடியது. காவலர் இருவர் அவன் கையைப் பிடித்து மலையூர்ப் பக்கம் திருப்பினார்கள். வெள்ளச்சியின் வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது.

“நான் மனுஷன்யா!” செவ்வேள் கதறி அழுதான்.

வரிசையில் அடுத்து நின்றவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அழவும் சொல்லிக் கொடுத்திருப்பான்” என்றார் தன் மனைவியிடம்.