ஞாயிற்றுக்கிழமை வருகிறவள்

"யாரைக் கேட்டு இந்தப் பசங்கள போட்டோ எடுக்கறீங்க?"

பின்னாலிருந்து வந்த அதட்டலில் ஜமுனாவின் கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. திரும்பினாள். ஓர் இளைஞன். கருத்த முகம், உப்புக்காற்றில் சிவந்த கண்கள்... அந்தக் கண்களில்தான் எத்தனை கோபம்!

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை வாசலில் நடந்தது இது. பொன்னேரியில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை ஜமுனாவுக்கு. அப்பா அம்மா இல்லை. வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதுதான் பெரும்பாடு. அன்று தாங்க முடியாமல் பஸ் ஏறி வந்தவளை அனிதாவும் மாலாவும் பிடித்துக்கொண்டார்கள். கோட்டைக்குப்பத்துச் சிறுமிகள். "வாக்கா, ஊரைச் சுத்திக் காட்றோம்" என்று ஆளுக்கொரு கையைப் பற்றி இழுத்து வந்து, வாசல் தூண்களில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளைக் காட்டினார்கள்.

"இவரு புருசன்க்கா, அது பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் சண்டை. அதான் தள்ளித் தள்ளி நிக்கிறாங்க."

சிரிப்பையே மறந்திருந்த ஜமுனா சிரித்துவிட்டாள். போனை எடுத்துச் சிறுமிகளை ஒரு படம் பிடித்தாள். அப்போதுதான் அந்த அதட்டல்.

"எங்க சித்தப்பாக்கா... பூவரசன். போட் ஓட்டுது," என்றாள் அனிதா பெருமையாக.

"வர்றவங்க எடுத்துனு போயி, ஏழைப் பசங்கன்னு நெட்ல போட்டுடறாங்க," என்றான் அவன்.

"இன்னிக்கு என்கிட்ட பேசினதே இவங்க ரெண்டு பேர்தான்... அதனாலதான் எடுத்தேன். அழிச்சிடறேன்."

அவள் குரல் உடைந்தது. அவன் திகைத்தான். சடசடவென்று மழை... நால்வரும் எதிரே டீக்கடைக் கூரைக்குள் ஓடினார்கள். அவள் இமையில் ஒரு துளி நின்று நடுங்கியது. அதையே பார்த்தவன், அவள் நிமிர்வதற்குள் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அழிக்காதீங்க," என்றான் மெல்ல.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வந்தாள். பழைய மசூதி, கலங்கரை விளக்கம்... சிறுமிகள் காட்டாத இடமில்லை. பூவரசனும் கூடவே வந்தான், சற்றுத் தள்ளி. பிறகு ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. மறு ஞாயிறும்... திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் போட்டோவைப் பார்த்தாள். அதில் அவன் இல்லை.

அதற்கடுத்த வாரம் கேட்டேவிட்டாள். "சித்தப்பா எங்கே?"

"நீ வர்றேன்னா போட்ட எடுத்துனு போய்டுதுக்கா," என்றாள் மாலா. "இன்னிக்கு மிஷின் ரிப்பேரு. கரையிலதான் கீது."

ஜமுனா விறுவிறுவென்று கரைக்கு நடந்தாள். அவளைக் கண்டதும் படகிலிருந்து எழுந்தான் பூவரசன்.

"என் மேல என்ன கோபம்?"

"கோவம் இல்ல மேடம். நீங்க படிச்சவங்க. ஊரைப் பாத்து முடிச்சா வரமாட்டீங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம ஆனா நான் இன்னா பண்ணுவேன்? அதான்... இப்பவே பழகிக்கலாம்னு..."

அவள் கண்கள் நிறைந்தன. இன்னொருவருக்கும் ஞாயிறு இப்படிக் கனக்கிறதா!

"ஊரை எப்பவோ பாத்து முடிச்சிட்டேன்," என்றாள். "உங்களைப் பாக்கத்தான் வர்றேன்... இதுகூடவா தெரியல?"

 அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படகின் ஈரப் பலகையை அழுத்தித் துடைத்தான்... தலை நிமிராமலே சொன்னான்:

"உக்காரு, ஜமுனா."