நான்தான் குடுத்தேன்

மாமியார் கையால் காபி வருகிறது என்றால் வீட்டில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. மருமகள் அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்து நிற்க, மாமியார் டம்ளரை ஆற்றி ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிம்மா... பாவம், விடிஞ்சதுலேர்ந்து நிக்கறே!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது. அவள் டம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தாள். குடிக்கவில்லை.

"என்ன அத்தை விஷயம்?"

"ஒண்ணுமில்ல... கூடத்துக்கு வாயேன். பெரியவன் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

பெரியவன் என்றால் கணவனின் அண்ணன். வீட்டுக்குக் கீழேயுள்ள மெடிக்கல் அவருடைய ராஜ்ஜியம். தெருவே அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். படித்தது எட்டாம் வகுப்பு. தொண்டை வலியா, வயிற்றுப்போக்கா, பிள்ளைக்குக் காய்ச்சலா... டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கிற வழக்கமே கிடையாது. "ரெண்டு நாளைக்குத் தரட்டுமா, மூணு நாளைக்கா?" என்று மட்டும் கேட்பார். கத்தரிக்கோலால் ஆன்டிபயாடிக் அட்டையை நறுக்கென்று வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். முழு அட்டை வாங்கச் சொன்னால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களாம்!

உண்மையில் மருந்தைப் பற்றிப் படித்தவள் மருமகள்தான். அவளுடைய மருந்தாளுநர் சான்றிதழுக்காகத்தான் அந்தக் குடும்பமே பெண் பார்க்க வந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரம் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து கடைச் சுவருக்குப் போயிற்று. அவள் அடுப்படிக்குப் போனாள். லைசென்ஸ் அவள் பேரில், கல்லாவில் அவர், கூடமாட அவள் கணவன். வீட்டில் அவளுக்குப் பேரே 'சர்டிபிகேட்' தான். "சர்டிபிகேட், சோறு வெந்துச்சா?" என்று மச்சாண்டார் குரல் கொடுத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கணவனும் சிரிப்பான்.

கூடத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

"பின் தெரு தையல்காரம்மா இருக்கில்ல... அது ஆஸ்பத்திரியில கெடக்கு" என்று ஆரம்பித்தார் பெரியவர். "அதோட பொண்ணு நம்ம கடை மேல புகார் எழுதிப் போட்டிருக்கு. பதினோரு மணிக்கு மருந்துத் துறை இன்ஸ்பெக்டர் வருது."

தையல்காரம்மாவுக்கு வருஷக்கணக்காக நீர்க்கடுப்பு. வலி வந்தால் இரண்டு நாளைக்கு மாத்திரை வாங்குவாள். வலி விட்டதும் மிஷினை மிதிக்க உட்கார்ந்துவிடுவாள். மறுபடி வலி, மறுபடி இரண்டு நாள். 'டாக்டர்' ஒருமுறைகூடப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னதில்லை. இப்போது கிருமி சிறுநீரகத்தில் ஏறி, பரிசோதனை செய்து பார்த்த பன்னிரண்டு மருந்தில் பத்து கேட்காது என்று எழுதிவிட்டார்களாம். அம்மாவின் ஊசிப் பெட்டியில் கிடந்த மாத்திரை அட்டைத் துண்டுகளை எல்லாம் மகள் புகாரோடு சேர்த்து அனுப்பியிருந்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும் மாமா?"

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் பெரிசா இல்லம்மா" என்று மாமியார் குழைந்தாள். "நான்தான் கடையில இருந்தேன், சீட்டைப் பாத்து நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் படிப்புக்கு ஏதோ கொஞ்ச நாள் தடை போடுவாங்களாம், அவ்வளவுதான். அது எப்படியும் சும்மாதானே கெடக்கு? இவன் மாட்டினா உள்ள தள்ளிடுவாங்களாம்மா!"

நான்தான் குடுத்தேன்.

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை இதே குடும்பத்துக்காக ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அப்போது மகளுக்கு ஆறு வயது. அவள் இல்லாத நேரத்தில், காய்ச்சல் என்று பெரியவர் கடையிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக் மருந்தை எடுத்து ஊற்றிவிட்டார். பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். இந்த மருந்தை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டபோது கணவன் நடைவழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணன் பேரு வந்தா கடை போயிடும்... நீ படிச்சவ, உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க... எனக்காக!"

அவனுக்காகச் சொன்னாள். "படிச்சவதானா நீ? பெத்த பிள்ளையைக் கொல்லப் பாத்தியே!" என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டியதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். கட்டிலில் கிடந்த மகள் கண்ணைத் திறந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொய்யையே அவள் தலையில் கல்லாகப் போட்டார்கள். "பெத்த பிள்ளைக்கே தப்பா ஊத்தினவ கடையில உக்காந்தா ஊரே போய்ச் சேரும்!" என்று மாமியார் அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்தாள். மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை நீட்டினால், "நீ வேண்டாம்மா... பெரியப்பா குடுக்கட்டும்" என்பாள். அந்தப் பெரியப்பாவாம்! ஒருநாள்... ஒரே ஒருநாள் இவர்கள் என் கையில் அகப்படட்டும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் கருவிக்கொண்டிருந்தாள்.

அகப்பட்டுவிட்டார்கள்.

"இந்தா, பதிவேட்டை ஒருதரம் பாத்து வச்சுக்கோ" என்று பெரியவர் ஒரு கனத்த நோட்டை நீட்டினார். ஆன்டிபயாடிக் விற்றால் எந்த டாக்டர் சீட்டு, யாருக்கு, எத்தனை என்று எழுதி மருந்தாளுநர் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. பதினோரு வருஷத்தில் அவள் கையில் அது வந்ததே இல்லை. "எல்லாம் பக்காவா இருக்கு. தினமும் உன் கையெழுத்தை நானே போட்டிருக்கேன்."

பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பெரிய சுழி, அதன் வாலில் இரண்டு கோடு, கீழே ஒரு புள்ளி.

அவள் கையெழுத்து தமிழில் இரண்டே எழுத்து! இது அவள் சான்றிதழின் அடியில் இருக்கும் கையெழுத்து... சான்றிதழ் கொடுத்த மருந்தாளுநர் கவுன்சில் பதிவாளருடையது! சான்றிதழ் யாருடையதோ அவர்தான் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எட்டாம் வகுப்பு டாக்டர் நினைத்துவிட்டார். உன் கையெழுத்து எப்படி என்று அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சர்டிபிகேட்டிடம் போய்க் கேட்பதா என்று வீம்பு!

சிரிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

"ரொம்ப அழகா போட்டிருக்கீங்க மாமா" என்றாள். "நான் கீழ வரேன். ஆனா அதுக்கு முன்னால நீங்க எனக்கு ஒண்ணு பண்ணணும்."

"சொல்லும்மா, என்ன வேணா சொல்லு!"

"என் பொண்ணைக் கூப்பிட்டு, அன்னிக்கு அந்த மருந்தை ஊத்தினது யாருன்னு சொல்லுங்க. உங்க வாயால."

மாமியார் முகம் சுருங்கியது. "சின்னப் பிள்ளைகிட்ட போய் இதெல்லாம்..."

"அப்ப பதினோரு மணிக்கு நீங்களே பேசிக்குங்க அத்தை."

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. பள்ளி விடுமுறை, மகள் உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வந்து கதவோரம் நின்றாள். பெரியவர் மீசையைத் தடவினார், விட்டத்தைப் பார்த்தார்.

"உனக்கு அப்போ ஒடம்பு சரியில்லாம போச்சில்ல கண்ணு... அந்த மருந்தை... நான்தான் குடுத்தேன். உங்கம்மா இல்ல."

மகள் அம்மாவைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள், திரும்பி அறைக்குள் போய்விட்டாள். அந்தப் பார்வை அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் அழ இப்போது நேரமில்லை. புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடி கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வாசலில் தெருவே கூடிவிட்டது. பெரியவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், குளிர்பானம் நீட்டினார். அவள் தொடவில்லை.

"மருந்தாளுநர் யாரு?"

"இவங்கதான் மேடம்! என் தம்பி சம்சாரம். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடையே கதின்னு இருப்பாங்க!"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பிரித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். கண்ணாடியைக் கீழே இறக்கி உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கோப்பிலிருந்த, மருமகள் கையெழுத்துப் போட்ட பழைய லைசென்ஸ் விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும். கவுன்சில்ல இருந்த பழைய பதிவாளரோடது. அவர்கிட்ட ஆறு வருஷம் வேலை பாத்திருக்கேன்." பெரியவர் பக்கம் திரும்பினாள். "அவரு ரிட்டயராகி நாலு வருஷமாச்சு. இப்ப உங்க கடையிலதான் மாத்திரை விக்கறாரா?"

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... மேடம்... இவங்களையே கேளுங்க! நீயே சொல்லும்மா... சொல்லு!"

பதினோரு வருஷத்தில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் அவள் நின்றது அதுவே முதல் தடவை.

"நான் இந்தக் கடையில ஒருநாள்கூட உக்காந்ததில்ல மேடம். ஒரு மாத்திரைகூட வித்ததில்ல. தையல்காரம்மாவுக்கு வெட்டி வெட்டிக் குடுத்தது எங்க மச்சாண்டார்தான். சீட்டெல்லாம் கிடையாது. என் சர்டிபிகேட்டை மாட்டவிட்டு வாயை மூடிட்டு இருந்தது என் தப்பு. அதுக்கு என் பேருக்கும் நோட்டீஸ் குடுங்க, வாங்கிக்கறேன்."

"அடிப்பாவி!" மாமியார் மாடிப்படியிலிருந்து அலறினாள். "வாக்குக் குடுத்தியேடி!"

"கீழ வரேன்னுதான் அத்தை வாக்குக் குடுத்தேன். வந்துட்டேன். பொய் சொல்றேன்னு எப்போ சொன்னேன்?"

இனித்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு உள்ளுக்குள் கற்கண்டாக இனித்தது. இன்ஸ்பெக்டர் கடைக்குச் சீல் வைத்து, பெரியவரை விசாரணைக்கு வண்டியில் ஏறச் சொன்னபோது, வாசலில் நின்ற ஒருவர்கூட அவரை 'டாக்டர்' என்று கூப்பிடவில்லை. அதையும் அவள் கண் குளிரப் பார்த்தாள்.

மாடிக்கு வந்ததும் கணவன் பின்னாலேயே வந்தான். "கூடப் பொறந்த அண்ணனை இப்படித் தெருவில நிறுத்திட்டியே... உனக்கு மனசே இல்லையா?"

"இருந்துச்சு. அதை ஆஸ்பத்திரி நடைவழியில உங்ககிட்ட குடுத்தேன். நீங்க பத்திரமா வச்சுக்கலை."

அவன் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். "தெரியும்... எல்லாம் தெரியும்... நான் கோழை. என்னை என்ன பண்ணச் சொல்றே? சொல்லு, பண்றேன்."

"வெட்டின துண்டுல மாத்திரை பேரு இருக்காது. தையல்காரம்மா என்னென்ன மாத்திரை தின்னுச்சுன்னு அங்க டாக்டருக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். உக்காந்து எழுதுங்க. எழுதி, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. அதோட பொண்ணு மூஞ்சியை நேருக்கு நேர் பாத்துக் குடுக்கணும். உங்களோட பேசறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கறேன்."

அவன் எழுதினான். அரைமணி நேரம் பிடித்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே படியிறங்கிப் போனான்.

உள்ளறையில் மகள் கலர் பென்சில்களை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் திரும்பினாள்.

"அப்ப ஏம்மா அன்னிக்கு நீ குடுத்தேன்னு சொன்னே?"

உள்ளே இனித்துக்கொண்டிருந்தது சட்டென்று கசந்தது.

"உங்கப்பா கேட்டார் கண்ணு... குடும்பம் நல்லா இருக்கணும்னு சொன்னேன். நீ கேட்டுக்கிட்டிருக்கேன்னு நான் நெனக்கவே இல்ல. அவங்க செஞ்சதெல்லாம் அவங்க தப்பு. இது மட்டும் என் தப்பு."

"மூணு வருஷமா நான் உன்னைப் பாத்து பயந்துக்கிட்டே இருந்தேம்மா!" என்று வெடித்து அழுதபடி மகள் அவள் மடியில் விழுந்தாள். அவள் வாரி அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த கண்ணீரெல்லாம் பிள்ளையின் தலையில் கொட்டியது.

கூடத்தில் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. வழக்கமாக அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலே மருமகள் ஓடிப்போய் நிற்பாள். இன்று எழுந்திருக்கத் தோன்றவில்லை. அழட்டும் என்று, மகளின் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.