பதினைந்தாம் நிமிடத்தில் சாகும் என்ஜின்

காலை 8.10.

நாவல் மரத்தடியில் என்ஜின் செத்துக் கிடந்தது. மூன்று நாளாக அதே மரம், அதே சாவு.

ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த தனியார் மாட்டுப் பண்ணை அது. 1981 அக்டோபர். ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். மழை இறங்குவதற்குள் பத்து ஏக்கர் புல்லை அறுத்துக் காயவைத்தாக வேண்டும். அறுக்க வேண்டிய டீசல் மிஷினோ பழசு. கையால் ஹேண்டில் சுற்றினால்தான் கிளம்பும். இப்போது என்ன சுற்றினாலும் கிளம்பவில்லை.

ஏட்டு தாண்டவராயன் சைக்கிளைச் சாத்திவிட்டு மிஷினை ஒருமுறை சுற்றி வந்தார். அவருடைய அப்பாவின் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு டீசல் என்ஜின் இருந்தது. பத்து வயதிலேயே அதைக் கழற்றிப் போட்டு, மாட்டத் தெரியாமல் உதை வாங்கியவர். அன்று முதல் ஓடாத எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும்.

மிஷின் பூஜைக் கோலம் கலையாமல் இருந்தது. ஹேண்டிலில் காய்ந்த சாமந்தி. சக்கரங்களில், விசிறியில், டேங்க் மூடியில் எல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தார்கள். டேங்க்கின் பக்கவாட்டில் மட்டும் பிசுபிசுப்பாக ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டு நக்கினார். தேன்.

"அதான் ஏட்டையா சாட்சி!" என்றார் மேனேஜர் தங்கவேல். கண்ணமங்கலத்துக்காரர், பண்ணைக்கு வந்து இரண்டு வருஷம். "என் கையாலேயே பொட்டு வெச்சுக் கும்பிட்ட மிஷினு. இவன் தேனை ஊத்திக் கொன்னுட்டான். ரெண்டு மணி பஸ்ல போளூருக்கு ஏத்திக்கினு போங்க."

அவர் கை நீட்டிய இடத்தில் தீர்த்தகிரி நின்றிருந்தான். மலைக்காரன், நாற்பது வயது, இடுப்பில் அரிவாள். மிஷின் வருவதற்கு முன்பு பண்ணைப் புல் முழுவதையும் அறுத்தது அவனுடைய ஆட்கள்தான். இப்போது மிஷின் ஏற முடியாத பாறை ஓரம் மட்டும் அவர்களுக்கு மிச்சம். அந்த ஓரம் நாவல் மரத்தை ஒட்டி இருந்தது.

காலை 8.30.

"மிஷின் மேல கோவமா?" என்று தீர்த்தகிரியைக் கேட்டார் ஏட்டு.

"கோவந்தாங்க. வேலைய புடுங்கிக்கிச்சே."

"அதனால தேனை ஊத்திட்டே."

"தேனு இன்னா தண்ணியாங்க, ஊத்தி வெளையாட? ஒரு அடைக்கு எத்தினி கொட்டு வாங்கிக்கீறேன், முதுகைப் பாருங்க!"

"டேங்க் மேல எப்படி வந்துச்சு?"

"பூஜை அன்னிக்கு தேன் டின்னை அங்க வெச்சேங்க. டீசல் நாத்தத்துக்கு எறும்பு ஏறாது. எடுக்கறப்ப கொஞ்சம் ஒழுகிடுச்சு."

கைப்பற்றப்பட்ட டின் மேனேஜரின் காலடியில் இருந்தது. மேல் தகட்டில் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள்.

அடுத்து டிரைவர் பழனி.

"ஷெட்டுல கிளம்புதா?"

"ஒரே சுத்துல கிளம்பும் ஏட்டையா. குச்சி வுட்டு டீசல் பாப்பேன், மூடுவேன், ஹேண்டில் போடுவேன். ஜம்முனு வரும். இந்த மரத்தாண்ட வந்ததும் பொட்டுனு நின்னுடும். அப்புறம் தோள்பட்டை கழண்டாலும் கிளம்பாது. ஷெட்டுக்குத் தள்ளிக்கினு போனா மறுபடியும் வந்துடும். இவன் இன்னாவோ மந்திரம் பண்ணிக்கீறான்."

"மரத்தாண்ட நின்னதும் குச்சி வுட்டுப் பாத்தியா?"

"இன்னாத்துக்கு? இப்பத்தானே பாத்துட்டு வந்தேன்."

தாண்டவராயன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

காலை 9.00.

டீசல் என்ஜின் பேராசை இல்லாதது. மூன்றே மூன்றுதான் கேட்கும்: காற்று, அந்தக் காற்றை நெரிக்கும் அழுத்தம், சரியான நேரத்தில் துளி டீசல். நெரித்த காற்று கொதிக்கும்; டீசல் அதில் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். அதனால் ஓடாத என்ஜினிடம் இந்த மூன்றையும் வரிசையாக விசாரித்தால் போதும்.

காற்று வடிகட்டியைக் கழற்றினார். சுத்தம். ஹேண்டிலைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் முரட்டு மாடு மாதிரி எதிர்த்துத் தள்ளியது. அழுத்தத்திலும் குறையில்லை. டேங்க்கிலிருந்து டீசல் வரும் குழாயின் திருகைத் தளர்த்தினார். இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவது சொட்டு விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"டேங்க்குல டீசல் கீதா?"

பழனி மூடியைத் திருகினான். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. குச்சி கழுத்துவரை நனைந்து வந்தது. அதே சமயம் கீழே, தளர்த்திய திருகில் டீசல் குபுகுபுவென்று கொட்டியது. அதை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார் தாண்டவராயன்.

"தேன் டீசலோட கலக்காது. கனம் ஜாஸ்தி, அடியில போய் உக்காந்துக்கும். உள்ள ஊத்தியிருந்தா இந்தக் குழாய்ல முதல்ல அதான் வந்திருக்கணும். ஒரு பொட்டுகூட இல்லையே."

"அப்ப வேற ஏதாச்சும் பண்ணியிருப்பான்," என்றார் தங்கவேல் விடாமல்.

காலை 9.40.

ஏட்டு திருகை இறுக்கினார். "மூடியைப் போடு. இன்னிக்கு மரத்துப் பக்கம் வேணாம். எதிர்க் கோடிக்குத் தள்ளிக்கினு போய் ஆரம்பி. தீர்த்தகிரி, நீ என் பக்கத்துலயே நில்லு."

என்ஜின் ஒரே சுற்றில் கிளம்பியது. புல் வரிசையாகச் சாய்ந்தது. தாண்டவராயன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தகிரி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

9.55. என்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றது.

நாவல் மரம் முக்கால் பர்லாங்கு தள்ளி இருந்தது.

"மரத்துல ஒண்ணும் இல்லை," என்றார் ஏட்டு. "தினமும் ஒரே இடத்துல ஆரம்பிச்சு ஒரே வேகத்துல போனா, பதினைஞ்சு நிமிஷத்துல அந்த மரத்தாண்டதான் வந்து நிப்போம். குத்தம் இடத்துல இல்லை, நேரத்துல."

மேனேஜர் கையோடு கொண்டுவந்திருந்த தேன் டின்னை வாங்கிச் சாய்த்தார். ஒரு ஓட்டையிலிருந்து தேன் நூலாக இறங்கியது. மற்ற ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தார். நூல் மெலிந்தது, அறுந்தது. விரலை எடுத்தார். மறுபடியும் இறங்கியது.

"ஏன் ரெண்டு ஓட்டை போட்டே தீர்த்தகிரி?"

"காத்து உள்ள போனாத்தானுங்களே தேனு வெளிய வரும்!"

"மேனேஜர் சார், உங்க டேங்க்குக்கும் அதே கணக்குதான். டீசல் கீழ இறங்க இறங்க, அந்த இடத்துக்கு மேல இருந்து காத்து போகணும். அதுக்குன்னு மூடி நடுவுல ஊசி மொனை அளவு ஒரு ஓட்டை இருக்கும். இதுல காணோம். எங்க போச்சு?"

எல்லாரும் மூடியைப் பார்த்தார்கள். அதன் நடுவில், கல்லாக இறுகிய சந்தனத்தின் மேல் எட்டணாக் காசு அகலத்துக்குக் குங்குமம் சிரித்தது.

"பதினைஞ்சு நிமிஷத்துல உள்ள இருக்கிற காத்து இளைச்சுப் போவுது. டீசலைக் கீழ வுடாம இழுத்துப் புடிச்சுக்குது. ஷெட்டுல பழனி மூடியைத் திறந்ததும் காத்து உள்ள பாயுது; அதான் அந்தப் புஸ்ஸு. குச்சி வுட்டுப் பாக்கற நல்ல பழக்கம்தான் குத்தவாளியைத் தினமும் மறைச்சு வெச்சுது." ஏட்டு மேனேஜரின் வலது கையைப் பிடித்து, மோதிர விரலை மெல்ல உயர்த்தினார். "இந்த விரல்தான் சார் குத்தவாளி."

தங்கவேல் கையை விடுவித்துக்கொண்டு மூடியருகே குனிந்தார்.

பழனி ஷெட்டுக்கு ஓடி, துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்து வந்தான். ஏட்டு பொட்டின் நடுவில் குத்தித் திருகினார். புஸ்.

காலை 10.20.

பதினைந்து நிமிடம் கடந்தது. இருபது. மிஷின் நாவல் மரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியது. தங்கவேல் புகார்க் காகிதத்தை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். தீர்த்தகிரியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் டின்னை எடுத்து, தூசி துடைத்து, அவனிடம் நீட்டினார்.

தீர்த்தகிரி ஓடும் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். அது ஓடியதால்தான் அவனுக்கு விடுதலை. அது ஓடினால் அவனுக்கு மறுபடியும் பாறை ஓரம் மட்டும்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவன் முகம் யோசித்தது.

"அய்யா," என்றான் கடைசியில் தங்கவேலிடம், "வர்ற வருசம் அதுக்குப் பொட்டு வெக்கறப்ப என்னையக் கூப்புடுங்க. எங்க வெக்கக்கூடாதுன்னு இந்த ஊர்ல எனக்குத்தான் நல்லாத் தெரியும்."